காதுக்கும் வெள்ளி, அதில் ஒரு ரோஸ் கல்

எங்கள் ஊரில் வெள்ளி என்றால் காலுக்கு, தங்கம் என்றால் காதுக்கும் கழுத்துக்கும். இடுப்புக்குக் கீழே தங்கம் போடக் கூடாது, அது மகாலட்சுமி என்பார்கள். இடுப்புக்கு மேலே வெள்ளி போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போனால், "ஏன் கண்ணு, வீட்டுல ஏதாவது கஷ்டமா?" என்று யாராவது ஒரு பெரியம்மா காதோடு கேட்பார். நான் பிறந்தது சேலம் பக்கத்து சிவதாபுரம். பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தவள். தெருவுக்குத் தெரு வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வளையம் வளையமாகக் கோத்து, சலங்கை வைத்து வடக்கே வரைக்கும் கொலுசு அனுப்புகிற ஊர். அதைச் செய்கிற வீட்டுப் பெண்ணின் காதில் மட்டும் வெள்ளி ஏறக் கூடாது என்பதை என்னால் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ள முடிந்ததில்லை.

இப்போது என் காதிலும் விரலிலும் வெள்ளிதான். அதிலும் ரோஸ் கல் பதித்தது. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் வாங்க வருகிற பெண்கள் கையெழுத்துப் போடும்போது என் மோதிரத்தைப் பார்த்துவிட்டு, "கறுக்காதாக்கா? கல்லு விழாதா? உங்களுக்கு ரோஸ் எடுக்குதே, எங்களுக்கு எடுக்குமா?" என்று கேட்பார்கள். வரிசை நிற்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஏன் வெள்ளி என்பதற்குக் காசு ஒரு காரணம்தான், முக்கியமான காரணம் வேறு. ரோஸ் என்பது மெல்லிய நிறம். தங்கத்தில் வைத்தால் சுற்றியிருக்கும் மஞ்சள் கல்லுக்குள் இறங்கிவிடும். வெளிர் ரோஸ் ஆரஞ்சுப் பக்கம் சாயும். வெள்ளி தன் நிறம் எதையும் கல்லுக்குக் கொடுப்பதில்லை, வெளிச்சத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும். ஒரே கல்லை ஒரு தங்க மோதிரத்தின் மேலும் ஒரு வெள்ளி மோதிரத்தின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும். மாணிக்கத்துக்குத் தங்கம் அழகு, அதை மறுக்கவில்லை. ரோஸ் கல்லுக்கு வெள்ளிதான் வீடு.

கல்லுக்கு வருகிறேன். கடையில் "ரோஸ் கல்" என்று ஒரே பெயரில் நீட்டுவார்கள். அதற்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல கற்கள் இருக்கும். எது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவதுதான் முறை.

அதிகம் கிடைப்பதும் கைக்கு அடங்குகிற விலையில் இருப்பதும் ரோஸ் குவார்ட்ஸ். தண்ணீர் கொஞ்சம் அதிகமாகக் கலந்த ரோஸ்மில்க் நிறம். உள்ளே எப்போதும் ஒரு மங்கல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் அந்தக் கல்லுக்குள் பரவியிருப்பதுதான் நிறத்துக்கும் மங்கலுக்கும் காரணம். அதனால் இதைப் பட்டை தீட்டி வாங்காதீர்கள். பட்டை போட்டால் மினுங்காது, சோர்ந்து தெரியும். மேலே வழவழவென்று குவிந்த வடிவத்தில் வாங்குங்கள். சில நல்ல கற்களைக் குவித்து இழைத்து, ஒற்றை விளக்கின் கீழே பிடித்தால் ஆறு கதிர் விரியும் நட்சத்திரம் ஒன்று மேற்பரப்பில் நகரும். அதே இழைகள் செய்கிற வேலைதான். கண்ணாடி மாதிரித் தெளிவாக, அடர்த்தியான ரோஸில், மலிவாக ஒன்றை ரோஸ் குவார்ட்ஸ் என்று கொடுத்தால் சந்தேகப்படுங்கள். லென்ஸில் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. விரிசல் ஓரங்களில் மட்டும் நிறம் தேங்கியிருந்தால் சாயம் ஏற்றியது.

அடுத்து டூர்மலின். இதில் வெளிர் ரோஸிலிருந்து, அறுத்த பீட்ரூட்டின் நிறம் வரைக்கும் கிடைக்கும். என் மோதிரத்தில் இருப்பது இதுதான். மோர்கனைட் என்றொரு கல் உண்டு, நம் காங்கேயம் பக்கத்து அக்வாமரீனுக்குக் கூடப்பிறந்தது. இரண்டுமே பெரில் இனம். அது நீலம், இது ரோஸ். 1910-ல் ஜார்ஜ் ஃபிரெடரிக் குன்ஸ் என்கிற அமெரிக்க ரத்தின வல்லுநர் வங்கியாளர் ஜே. பி. மோர்கன் பெயரை இதற்கு வைத்தார். அந்தக் குன்ஸ் பெயரிலேயே குன்சைட் என்று இன்னொரு ரோஸ் கல் இருக்கிறது, 1902-ல் கலிபோர்னியாவில் கண்டெடுத்தது. குன்சைட் பார்க்க அத்தனை அழகு. ஆனால் வெயிலில் நிறம் வெளுக்கும், ஒரு தட்டுத் தட்டினால் பிளக்கும். ராத்திரி விசேஷத்துக்கு மட்டும் போடுகிறவர்கள் வாங்கலாம். தினமும் மலைப் பஸ்ஸில் ஏறி இறங்கி, வெயிலில் நிற்கிற நமக்கு அது வேண்டாம்.

கடினத்தைப் பார்க்காமல் ரோஸ் கல் வாங்கவே கூடாது என்பேன். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மோஸ் அளவில் சொல்வார்கள், வைரம் 10. இதில் 7 என்பதுதான் எல்லைக்கோடு. காற்றில் பறக்கிற தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, அதன் கடினம் 7. அதற்குக் கீழே உள்ள கல்லை முந்தானையால் துடைத்தாலே தூசி அதைக் கீறும். ரோஸ் குவார்ட்ஸ் 7, டூர்மலின் 7 முதல் 7.5, மோர்கனைட் 7.5 முதல் 8, ஸ்பைனல் என்கிற கல் 8, பிங்க் சஃபையர் 9. இவை விரலுக்கு ஆகும். ரோடோக்ரோசைட் 4-க்கு மேல் போகாது. வெள்ளை வரி ஓடும் அந்த ரோஸ் மேல் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் அதைத் தோடாகவோ டாலராகவோ மட்டும் போடுங்கள். பவளமும் அப்படித்தான். விரல் எத்தனை இடத்தில் இடிக்கிறது என்பது பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குத் தெரியும். காது எங்கேயும் இடிப்பதில்லை.

பிங்க் சஃபையர் என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். மாணிக்கமும் அதுவும் ஒரே குருந்தக் கல். குரோமியம் கூடுதலாக இருந்தால் சிவப்பு, குறைவாக இருந்தால் ரோஸ். நம் பழைய சேலம் ஜில்லாவிலேயே, 1997-ல் பிரிந்துபோன நாமக்கல் மாவட்டத்தில், சித்தம்பூண்டி இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற பாறை, அனார்த்தோசைட் என்பார்கள். நிலாவின் மேட்டு நிலமும் அந்த வகைப் பாறைதான் என்பதால், சந்திரயான் 2-க்காக நிலாவில் ஓட வேண்டிய வண்டியின் சக்கரத்தை ஓட்டிப் பார்க்க இஸ்ரோ இந்தப் பக்கத்திலிருந்து பாறையை எடுத்துப் பொடித்து மண்ணாக்கியது. அந்த வெள்ளைப் பாறைக்குள் ரோஸும் சிவப்புமாகக் குருந்தக் கல் பதிந்திருக்கிறது. பெரும்பாலும் ஒளி ஊடுருவாத கல், நகைக்கு ஆகாது. ஆனாலும் வெள்ளைக்குள் ரோஸ் என்கிற அந்தச் சேர்க்கையை நம் மண்ணே பல கோடி வருஷத்துக்கு முன்னால் செய்து வைத்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆய்வகத்தில் வளர்த்த கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உருக்கி வளர்த்த குருந்தக் கல் நூறு வருஷத்துக்கு மேலாகவே சந்தையில் இருக்கிறது. கடினமும் நிறமும் இயற்கைக் கல்லுக்குக் குறைவில்லை, விலை மட்டும் பல மடங்கு குறைவு. இன்னது என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். நம் பக்கத்து நடன நகைகளில் வருகிற கெம்புக் கல்லும் இன்றைக்குப் பெரும்பாலும் செயற்கைதான், அதனால் அந்த நகையின் அழகு குறைந்துவிடவில்லை. இயற்கை என்று சொல்லிச் செயற்கையைக் கொடுப்பதுதான் தப்பு. விலை கூடின கல் என்றால் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள், சங்கடப்படாதீர்கள்.

இனிக் கல்லை வெள்ளியில் உட்கார வைக்கிற கதை. கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே கல் பதிக்கிறவர்கள் எங்கள் பக்கம் கொஞ்சம் பேர்தான். என் சித்தப்பா அதில் ஒருவர். என் மோதிரத்தைச் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மெல்லிய வெள்ளிப் பட்டை ஒன்றைக் கல்லின் இடுப்பைச் சுற்றி வைத்து அளவெடுத்தார். நகத்தின் தடிமன்கூட இருக்காது அந்தப் பட்டை. கல் சிக்காமலும் ஆடாமலும் இறங்குகிற அளவுக்கு வெட்டி, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் வெண்காரம் தடவி, பற்றவைக்கிற பொடி வைத்து நெருப்பை ஊதினார். வெள்ளி சிவந்து, பொடி பளிச்சென்று ஓடி இடுக்கில் மறைந்த அந்த நொடியிலேயே நெருப்பை எடுத்துவிட்டார். ஒரு மூச்சு அதிகமாக ஊதினால் பட்டையே உருகிவிடுமாம். பிறகு அந்தக் கூட்டை மோதிரத் தகட்டில் ஒட்டி, தகட்டின் அடியில் ஓட்டை அறுத்து, அரம் போட்டு, மெருகு வரை எல்லாவற்றையும் முடித்தார். அதுவரைக்கும் கல் தாளில் மடித்தபடியே இருந்தது.

"கல்லு கடைசியிலதான் சித்தப்பா வைப்பீங்களா?"

"நெருப்பு வேலை மொத்தமும் முடிஞ்ச பின்னாடிதான் கல்லு. சூடு பட்டா நெறமும் போவும், விரிசலும் விழும். பின்னால சைஸ் மாத்தணும்னு எவங்கிட்டயாவது கொடுத்தா, கல்லைக் கழட்டிட்டு ஊதுன்னு சொல்லு கண்ணு."

கல்லை உள்ளே இறக்கிய பிறகு எஃகுத் தள்ளுகோலால் கூட்டின் விளிம்பை உள்பக்கம் சாய்த்தார். ஒரு பக்கம் தொடங்கி வரிசையாகச் சுற்றி வரவில்லை. மேலே ஒரு அழுத்து, நேர் கீழே ஒரு அழுத்து, இடது, வலது, பிறகு நடுவில் மிஞ்சிய இடங்கள். வரிசையாக அழுத்தினால் கல் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், மிஞ்சிய வெள்ளி கடைசி இடத்தில் சுருக்கம் விழும். விளிம்பில் சுருக்கம் இருக்கிறதா என்று நீங்கள் கடையில் நகத்தை ஓட்டிப் பார்க்கலாம். நல்ல வேலையில் நகம் தடங்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த மாதிரி முழுக் கூடு வைத்த மோதிரத்தைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். நாலு கொக்கி பிடித்த மாடல் கல்லை அதிகமாகக் காட்டும், உண்மைதான். ஆனால் வெள்ளி மெத்தென்ற உலோகம். கொக்கி தேயும், வளையும். ஏற்காட்டில் வருஷத்தில் பாதி நாள் ஸ்வெட்டர் போடுகிறோம், கம்பளி நூல் ஒரு கொக்கியில் மாட்டினால் போதும், கல் காபிச் செடிக்குள் போய்விடும். காதுக்குக் கொக்கி மாடல் பரவாயில்லை. கூட்டின் அடி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடி மூடி, உள்ளே பளபளப்புத் தாள் வைத்துக் கல்லை மினுக்க வைக்கிற வேலையும் உண்டு. அதில் தண்ணீர் இறங்கினால் தாள் கறுத்து, கல் செத்துவிடும். மலையில் இருக்கிறவர்கள் திறந்த அடிதான் வாங்க வேண்டும்.

வெள்ளியில் 925 என்ற முத்திரை இருக்க வேண்டும். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி அத்தனை மென்மை, சீக்கிரம் வளைந்துவிடும். கொலுசில் பல டச், அதாவது பல சுத்த அளவு, ஓடுகிறது, உழைக்க வேண்டும் என்பதற்காகக் கலப்புக் கூட்டுவார்கள். காதுக்கும் விரலுக்கும் 925-க்குக் குறைய வேண்டாம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்றாலும் 2025 செப்டம்பரிலிருந்து தங்கத்துக்கு இருப்பது போல வெள்ளிக்கும் 6 எழுத்து அடையாள எண் வந்துவிட்டது. அது போட்ட நகை கிடைத்தால் அதையே எடுங்கள். எடை போடும்போது கல் எடையைக் கழித்துப் போடச் சொல்லுங்கள். இன்றைக்கு வெள்ளி விற்கிற விலையில் கல்லையும் வெள்ளி விலையில் சேர்த்துக் கட்ட யாருக்கும் தலையெழுத்தில்லை. வெள்ளி தனி, கல் தனி, கூலி தனி, அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. இந்த நாலும் பில்லில் பிரித்துத் தெரிய வேண்டும்.

வாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டை நகைக் கடைகளுக்குப் போனால் பகலில் போங்கள். கடை விளக்கு எந்தக் கல்லையும் அழகாகக் காட்டும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. கல்லை வாசல்படி வரைக்கும் எடுத்துவந்து, நேர் வெயிலில் இல்லாமல் நிழலில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை. விளக்கில் அசல் ரோஸாகத் தெரிந்தது வெளியே பழுப்படித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எனக்கு இன்னொரு பரீட்சையும் உண்டு, ஏற்காட்டுப் பனி. மூட்டம் இறங்கிய காலையில் வெளிச்சம் சாம்பலும் நீலமுமாக இருக்கும். அதில் பீச் நிறம் கலந்த மோர்கனைட் வெறும் கண்ணாடியாகிவிடும். டூர்மலினும் பிங்க் சஃபையரும் அப்போதுதான் இன்னும் ரோஸாகத் தெரியும். கீழே சேலத்து வெயிலில் இருப்பவர்களுக்கு மோர்கனைட் நன்றாகவே இருக்கும். எங்கே போடப் போகிறீர்களோ அந்த வெளிச்சத்தை மனசில் வைத்து வாங்குங்கள்.

"கறுப்பா இருக்கறவங்களுக்கு ரோஸ் எடுக்காது" என்று இன்னமும் சொல்கிறார்கள், விற்கிறவர்களே சொல்கிறார்கள். நான் நல்ல கறுப்பு. என் கழுத்தில் வெளிர் ரோஸ் குவார்ட்ஸ் டாலர் பளீரென்று நிற்கிற மாதிரி சிவப்பான என் நாத்தனாருக்கு நிற்பதில்லை. அவருடைய தோலில் அந்த நிறம் கரைந்துவிடுகிறது, அவருக்கு அடர்த்தியான டூர்மலின்தான் எடுப்பு. கறுப்புத் தோலும் வெள்ளியும் வெளிர் ரோஸும் சேர்ந்தால் அதற்கு இணையே கிடையாது. எந்தப் பெண்ணும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கையில் எடுத்ததைக் கீழே வைக்க வேண்டாம்.

புடவைக்கு ரோஸ் கல்லோடு ரோஸ் புடவை கட்டுவதை நான் தவிர்ப்பேன். இளம்பிள்ளைப் புடவைகளில் பாசிப்பச்சை, சாம்பல், கருநீலம் மூன்றும் இந்தக் கல்லுக்கு நல்ல துணை. பெரிய ஜரிகை வேண்டாம். காதில் கல் இருந்தால் கழுத்தில் வெறும் வெள்ளிச் சங்கிலி போதும்.

கறுப்பதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். காற்றில் இருக்கிற கந்தகம் வெள்ளியில் பட்டு மேலே ஒரு கறுப்புப் படலம் உண்டாகிறது, அவ்வளவுதான். உள்ளே வெள்ளி கெடுவதில்லை. முட்டை, வெங்காயம், ரப்பர், கம்பளி எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு, ஈரம் அதை இன்னும் வேகப்படுத்தும். இதற்கு முதல் மருந்து, தினமும் போடுவது. உடம்பில் உரசிக்கொண்டே இருக்கிற வெள்ளி பீரோவில் தூங்குகிற வெள்ளியைவிடக் குறைவாகவே கறுக்கும். கழற்றி வைத்தால் காற்றுப் புகாத ஜிப் கவரில் தனித்தனியாகப் போட்டு வையுங்கள், கல்லும் கல்லும் உரசக் கூடாது. ரோடியம் முலாம் பூசினால் கறுக்காது என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், தோட்டில் வருஷக் கணக்கில் நிற்கும். மோதிரத்தில் சீக்கிரம் தேய்ந்து திட்டுத் திட்டாகிவிடும், மறுபடியும் பூச வேண்டும். எனக்கு முலாம் இல்லாத வெள்ளியின் அந்தப் பால் வெள்ளைதான் பிடிக்கும்.

கழுவப் பூந்திக்கொட்டைத் தண்ணீரைவிட நல்லது எதுவுமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நுரைத்து, குழந்தைகளின் மெத்தென்ற பல் பிரஷால் கூட்டுக்கு அடிப்பக்கம் இரண்டு இழுப்பு, பிறகு பருத்தித் துணியில் ஒற்றியெடுங்கள். பற்பசை போட்டுத் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள், அது வெள்ளியைக் கீறும், மெருகு மொத்தமும் போய்விடும். பூஜைப் பாத்திரத்துக்குத் திருநீறு போடுவோமே, அது கல் இல்லாத நகைக்கு மட்டும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டுக் கொதிநீர் ஊற்றுகிற முறையில் கறுப்பு நிஜமாகவே போகும், ஆனால் கல் நகையை அதில் போடாதீர்கள். சூட்டில் விரிசல் விழுகிற கல் இருக்கிறது, அடியில் தாளோ அரக்கோ இருந்தால் அதுவும் போச்சு. சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடித்த பிறகு கடைசியாக நகையைப் போடுங்கள்.

என் தங்கை மகள் இந்த வருஷம் பெரிய வகுப்புக்குப் போகிறாள். மூக்குக் குத்த வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தங்கத்தில் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் வெள்ளி என்றேன், அவளும் என் பக்கம். மூக்குத்திக்குச் சின்னக் கல் போதும் என்பதால் நல்ல கல்லாகவே வாங்கலாம். பிங்க் ஸ்பைனல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 8 கடினம், முகம் கழுவத் துடைக்க எதற்கும் பயமில்லை. புதிதாகக் குத்திய மூக்கு ஆறும் வரைக்கும் தங்கக் கம்பியே இருக்கட்டும், அதற்குப் பிறகு வெள்ளி என்று சித்தப்பா சொல்லிவிட்டார். திருகு வைக்கலாமா, வளைவு வைக்கலாமா என்பதில் மட்டும் அவருக்கும் அவளுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.